வாட்ஸ் ரயில் நிலையம்

வாட்ஸ் ரயில் நிலையம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியான வாட்ஸ் என்ற ஊரில், 103-ஆம் தெருவில் உள்ள பழைய மின்சார ட்ராலி நிலையம். பசிபிக் எலெக்ட்ரிக் ரயில் நிறுவனம் 1904-இல் கட்டிய இந்த மரக் கட்டடம் அந்த ஊரின் முதல் கட்டடங்களுள் ஒன்று. ஊருக்குப் பெயர் வந்ததும் இந்த நிலையத்திலிருந்துதான். 1961 வரை இந்த வழியே மின்சார ரயில்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. 1965-இல் இங்கு நடந்த கலவரத்தில் தெருவின் கடைகள் எரிந்து சாம்பலானபோது இது மட்டும் சேதமின்றி நின்றது.

ரயில் வருவதற்கு முன்

வாட்ஸ் அமைந்துள்ள நிலம், மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் 1843-இல் மானியமாக வழங்கப்பட்ட லா தஹௌதா என்ற பெரிய மேய்ச்சல் பண்ணையின் பகுதி. 1870-களில் வெளியிலிருந்து குடியேறியவர்கள் பெருகவே, பண்ணை சிறு சிறு துண்டுகளாக விற்பனையானது. 1886-இல் சார்லஸ் எச். வாட்ஸ் என்பவர் அதில் 220 ஏக்கரை வாங்கி, குதிரைமசால் பயிரிட்டுக் கால்நடை வளர்த்தார். நீர் தானாகவே மேலெழும் ஊற்றுக் கிணறுகள் அப்பகுதிப் பண்ணைகளில் இருந்தன.

நிலையத்தின் தோற்றம்

தொழிலதிபர் ஹென்றி ஹண்டிங்டன் 1901-இல் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் நீண்ட தடம், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுமார் 20 மைல் தெற்கே கடற்கரையில் இருக்கும் லாங் பீச் வரை, 1902 ஜூலை 4 அன்று திறக்கப்பட்டது. ஹண்டிங்டன் ரயிலோடு மனை வணிகமும் நடத்தினார். வெற்று நிலத்தின் ஊடே தண்டவாளம் போடுவது, ரயில் ஓடத் தொடங்கியதும் இருபுறமும் மனை பிரித்து விற்பது என்பது அவரது வழி. பயணச்சீட்டு வருமானத்தைவிட மனை விற்பனையில்தான் பெரும் லாபம் இருந்தது.

லாங் பீச் தடம் வாட்ஸ் குடும்பத்தின் நிலத்தை ஒட்டிச் சென்றது. அக்குடும்பம் நிலையத்துக்காக 10 ஏக்கரை நன்கொடையாகத் தந்தது. அங்கே 1904-இல் எழுந்த கட்டடத்துக்கு ‘வாட்ஸ் நிலையம்’ என்று பெயரிட்டார்கள். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு 1907-இல் தனி நகராட்சியானபோது, நிலையத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது.

இங்கு முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் தண்டவாளம் போட்ட மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். ஸ்பானிய மொழியில் அவர்களை ‘த்ராக்கேரோ’ என்பார்கள். மணிக்கு 17.5 சென்ட்டாக இருந்த கூலியை 20 சென்ட்டாக உயர்த்தக் கோரி, 1903 ஏப்ரலில் இந்நிறுவனத்தின் தண்டவாளத் தொழிலாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹண்டிங்டன் இறங்கி வரவில்லை, போராட்டம் தோற்றது. நிலையத்தின் வரலாற்றை எழுதும்போது, இந்தத் தடத்தில் உழைத்தவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

கட்டடமும் மின்சார வண்டியும்

நிலையம் மரச்சட்டங்களால் ஆன ஒற்றை மாடிக் கட்டடம். பரப்பளவு சுமார் 2,700 சதுர அடி. அலங்காரம் அதிகம் இல்லாத, சிற்றூருக்கு ஏற்ற எளிய அமைப்பு.

வாசலில் வந்து நின்ற வண்டிகள் செந்நிறம் பூசப்பட்டவை. மக்கள் அவற்றை ‘ரெட் கார்’ என்றே அழைத்தார்கள். தடத்துக்கு மேலே கட்டிய கம்பியில் 600 வோல்ட் நேர்மின்சாரம் ஓடியது. வண்டியின் கூரையிலிருந்து எழும் கோல் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை எடுக்க, அது மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளம் வழியாகத் திரும்பியது. புகையும் கரியும் இல்லாத இந்த வண்டிகள், நீராவி ரயில் நிற்காத சிறு இடங்களிலும் நின்று ஆள் ஏற்றின.

சந்திப்பு நிலையமாக

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வாட்ஸ் வரை நான்கு தடங்கள் போடப்பட்டிருந்தன. இரண்டில் ஊருக்கு ஊர் நிற்கும் வண்டிகளும், மற்ற இரண்டில் விரைவு வண்டிகளும் ஓடின. லாங் பீச், சான் பெட்ரோ, சான்டா அனா ஆகிய ஊர்களுக்கான வண்டிகள் வாட்ஸ் வழியாகவே சென்றன. வேலைக்கும் சந்தைக்கும் கடற்கரைக்கும் ஊர்மக்களுக்கு வழி இந்த நிலையம்தான். 1926-இல் வாட்ஸ் மக்கள் வாக்களித்துத் தங்கள் ஊரை லாஸ் ஏஞ்சல்ஸோடு இணைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெக்சஸ், லூசியானா போன்ற தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் திரளாக வந்தார்கள். துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளங்கள் அவர்களுக்கு வேலை தந்தன. நகரின் பல பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் இருந்ததால், அவர்கள் குடியிருக்க முடிந்த சில இடங்களில் வாட்ஸ் ஒன்றாயிற்று.

ரோடியாவின் கோபுரங்கள்

நிலையத்திலிருந்து சிறிது தொலைவில், தடத்தை ஒட்டிய ஒரு மனையில், சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி 1921 முதல் 1954 வரை தனி ஆளாகக் கட்டியவை வாட்ஸ் கோபுரங்கள். மிக உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். கையில் பெரிய கருவிகள் இல்லாத அவர் தண்டவாளத்தையே இடுக்கியாகப் பயன்படுத்தினார்: இரும்புக் கம்பியின் ஒரு நுனியை அதன் அடியில் செருகி, மறுநுனியைத் தன் உடல் பலத்தால் அழுத்தி வளைப்பார். ரயில் பாதையோரம் நடந்து பொறுக்கிய புட்டித் துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் சிமெண்டில் பதித்தார். அவர் வளைத்த கம்பிகள் கோபுரங்களில் இன்றும் நிற்கின்றன.

கடைசி ரயில்

போருக்குப் பின் கார்களும் அகன்ற நெடுஞ்சாலைகளும் பெருகின. ரெட் கார் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அவற்றின் இடத்தில் பேருந்துகள் வந்தன. பயணிகள் சேவை 1953-இல் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்திடமும், 1958-இல் அரசுப் போக்குவரத்து ஆணையத்திடமும் கைமாறியது. முதலில் திறந்த லாங் பீச் தடமே கடைசியாக மூடப்பட்டது. 1961 ஏப்ரல் 9 அன்று ரெட் கார் சேவை முடிவுக்கு வந்தது.

1965 கலவரம்

1965 ஆகஸ்ட் 11 அன்று கறுப்பின இளைஞர் ஒருவரை நெடுஞ்சாலைக் காவலர்கள் கைதுசெய்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. ஆறு நாட்களில் 34 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சேதம் சுமார் 4 கோடி டாலர். நெருப்பு தின்ற 103-ஆம் தெருவுக்குக் ‘கரிச் சந்து’ என்ற பெயரே வந்துவிட்டது. இருபுறமும் கடைகள் எரிந்து கிடக்க, நடுவில் அறுபது ஆண்டு வயதான மரக் கட்டடம் முழுதாக நின்றது. நான்கே மாதங்களில், 1965 டிசம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அதை 36-ஆம் எண் கொண்ட வரலாற்று, பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது.

கலவரத்தின் காரணங்களை ஆராய மாநில ஆளுநர் அமைத்த மக்கோன் குழுவின் அறிக்கையும் அதே டிசம்பரில் வெளிவந்தது. வேலையின்மை, பள்ளிகளின் நிலை, காவல்துறையோடு இருந்த பகை ஆகியவற்றோடு அது எடுத்துக்காட்டிய இன்னொரு குறை போக்குவரத்து. போதாததும் செலவு மிகுந்ததுமான பொதுப் போக்குவரத்தால், கார் வாங்க வசதியில்லாத மக்கள் வேலை தேடவும், கிடைத்த வேலைக்குப் போய்வரவும் முடியாமல் தவிக்கிறார்கள் என்று குழு எழுதியது. வாட்ஸ் நிலையத்தில் ரயில் நின்றுபோய் அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

மீட்பும் இன்றைய நிலையும்

1974-இல் நிலையம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1980-களில் நகர மறுசீரமைப்பு முகமை அதைப் பழுதுபார்த்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தது. பின்னர் நகரின் நீர், மின்சாரத் துறை அதை மக்கள் சேவை அலுவலகமாகப் பயன்படுத்தியது.

1990 ஜூலை 14 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ்–லாங் பீச் மின்சார ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. முதலில் ‘புளூ லைன்’ என்றும் இப்போது ‘ஏ லைன்’ என்றும் வழங்கும் இந்தத் தடம், பெரும்பாலும் ரெட் கார் போன பாதையிலேயே செல்கிறது. பழைய கட்டடத்தின் பக்கத்திலேயே புதிய நடைமேடை இருக்கிறது. இடையில் கழிந்தவை 29 ஆண்டுகள். கட்டடத்தைக் காப்பாற்றியது பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம், இந்த ஊர்மக்கள் ஏறிப்போக அதன் அருகே மறுபடியும் ரயில் வந்து நிற்பது.