நமக்குச் சாதகமான பொய்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், என் கைபேசிக்கு வந்திருந்த அவசர ஜெபக்குறிப்பு ஒன்றைப் பீடத்திலிருந்து வாசித்தேன். தூர தேசமொன்றில் ஊழியர்கள் சிலர் மறுநாள் கொல்லப்படவிருக்கிறார்கள் என்பது செய்தி. சபையார் கண்ணீரோடு மன்றாடினார்கள். ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஒருவர் தயக்கத்தோடு என்னிடம் வந்து, "ஐயா, இதே செய்தி பல வருஷமாக வார்த்தை மாறாமல் சுற்றி வருகிறது" என்றார். நான் வெட்கப்பட்டேன். 'மறுநாள்' என்றிருந்ததேயன்றி, தேதியே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. செய்தி என் விசுவாசத்துக்கு இசைவாயிருந்தது. நம்புவதற்கு அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

இதே தவறைத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகச் செய்ததுண்டு. 'கான்ஸ்டன்டைனின் நன்கொடை' என்று பெயர்பெற்ற ஆவணத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குஷ்டரோகத்தால் வாடினார் என்றும், போப் சில்வெஸ்டர் ஞானஸ்நானம் கொடுத்தபோது சுகமடைந்தார் என்றும், நன்றியாக ரோமாபுரியையும் இத்தாலியையும் மேற்கு மாகாணங்களையும் போப்பின் ஆளுகைக்கு ஒப்படைத்தார் என்றும் அது கூறுகிறது. கான்ஸ்டன்டைன் வாழ்ந்தது 4ஆம் நூற்றாண்டு. ஆவணம் புனையப்பட்டதோ 8ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ஆயினும் 11ஆம் நூற்றாண்டில் போப் 9ஆம் லியோ இதையே சான்றாகக் காட்டிக் கிழக்குத் திருச்சபைக்கு மடல் எழுதினார்.

மெய்யாகவே கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337ஆம் ஆண்டில், நிக்கொமேதியாவின் அருகே, மரணத்தறுவாயில். சில்வெஸ்டரோ 335இலேயே காலமாகிவிட்டார். பேரரசரின் காலத்தில் வாழ்ந்த செசரியா பேராயர் யூசிபியஸ் அந்த ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதிவைத்திருந்தார். மறுப்பு இருந்தது, அதைத் தேடும் மனம் இல்லை.

1440ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர் அந்த ஆவணத்தைச் சொல் சொல்லாகச் சோதித்தார். ரோம அதிகாரிகளை அது 'சத்ராப்' என்று அழைக்கிறது. அது பாரசீக ஆளுநருக்குரிய பெயர். சோழர் கல்வெட்டொன்றில் 'கலெக்டர்' என்ற சொல் இருந்தால் நாம் என்ன நினைப்போம்? கான்ஸ்டான்டிநோபிள் நகரம் அர்ப்பணிக்கப்படுவதற்கு முன்பே அந்நகரத்துத் திருச்சபையைப் பற்றியும் அது பேசுகிறது. இத்தனை பெரிய தானத்தை அக்கால வரலாற்றாசிரியர் எவரும் ஏன் குறிப்பிடவில்லை என்றும் வல்லா கேட்டார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. வல்லா அப்போது போப்போடு பகைகொண்டிருந்த அரசர் அல்ஃபோன்சோவின் ஆதரவில் இருந்தவர். ஆகவே, 'எதிராளியின் ஆள்' என்று அவரை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் அவருக்கு முன்னரே, 1433ஆம் ஆண்டுவாக்கில், திருச்சபையின் சொந்த ஊழியரான கூசா நகர நிக்கோலாஸ் பழைய நூல்களில் அந்தத் தானத்தைத் தேடிக் காணாமல், ஆவணத்தைச் சந்தேகித்து எழுதியிருந்தார். வெவ்வேறு நோக்கமுடைய இருவர் தனித்தனியே தேடி ஒரே முடிவுக்கு வந்தால், அதை அற்பமாக எண்ணலாகாது.

இந்த வரலாற்றை வாசித்து நாம் வேறொரு சபையை எள்ளுவோமானால், பாடத்தைத் தவறவிட்டவர்களாவோம். இன்று நம் கைபேசிக்கு வருகிற மருத்துவக் குறிப்பும், அற்புதச் செய்தியும், பிற மதத்தாரைப் பற்றிய அவதூறும் வல்லாவின் கேள்விகளுக்கு உட்படவேண்டியவை. இதை முதலில் சொன்னவர் யார்? எந்தத் தேதியில்? அதன் சொற்கள் அந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துகின்றனவா? நம் பக்கத்தைச் சேராத ஒருவரும் இதை உறுதிசெய்கிறாரா? இவற்றோடு ஐந்தாவதாக ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: இது உண்மையாயிருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா? ஆம் என்றால், இன்னும் ஒருமுறை சோதிப்போம்.

அப்போஸ்தலனாகிய பவுல் பிரசங்கித்தபோதும், பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களைத் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, மெச்சுகிறது. ஆராய்வது அவிசுவாசம் அல்ல. சத்தியத்தை நேசிப்பதன் அடையாளம்.

அந்த வாலிபர் இன்றும் நம் சபையில் இருக்கிறார். பீடத்திலிருந்து வாசிக்கும் எந்தச் செய்தியையும் இப்போது முதலில் அவரிடம் காட்டுகிறேன். பிரியமானவர்களே, உங்கள் போதகர் அனுப்பினார் என்பதற்காக மாத்திரம் எதையும் பிறருக்கு அனுப்பாதிருங்கள். சத்திய ஆவியானவர் நம்மை நடத்துவாராக. ஆமென்.