தேயிலைச் சக்கை

டீ வடித்த பின் மிஞ்சும் இலைத்தூளே தேயிலைச் சக்கை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தேயிலை விளைவதில்லை. ஆனால் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கொழுந்து பறிக்கப் போன தமிழர்களில் இச்சீமையாரும் உண்டு. இன்று இங்கே சக்கை குவிவது டீக்கடைகளில்தான். துணிப்பையில் போட்ட தூளின் மேல் கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாயம் இறக்குவார்கள். கடைசியில் பையை உதறும்போது விழும் கரும்பழுப்புக் கட்டியை வாயில் வைத்தால் அப்போதும் நாக்கு துவர்க்கும்.

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால்கள். பச்சைக் கொழுந்தின் உலர் எடையில் இவை ஏறத்தாழ 30 விழுக்காடு. கறுப்புத் தேயிலை தயாராகும்போது, கேட்டச்சின்கள் என்னும் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாரூபிஜின் ஆகிய நிறப்பொருள்களாக மாறுகிறது. கொதிநீரில் காஃபீன் விரைவாக இறங்கிவிடும். புரதத்தோடும் செல்சுவரோடும் ஒட்டிய பாலிஃபீனால்களோ சக்கையிலேயே தங்கும். எத்தனால் கலந்த நீர், வெப்பம், மீயொலி ஆகியவற்றால் அவற்றைப் பிரித்தெடுக்கலாம். பாலோடு சேர்த்துக் காய்ச்சிய சக்கை இதற்கு ஏற்றதல்ல: பால் புரதம் பாலிஃபீனால்களைப் பற்றிக்கொள்ளும், சக்கையும் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சக்கையைத் தேயிலைக் கழிவோடு குழப்பக் கூடாது: இந்தியாவின் 1959ஆம் ஆண்டுத் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை குறிப்பது தொழிற்சாலைக் கழிவை. காஃபீன் எடுக்கப் பயன்படுவதும் அதுவே. டீக்கடைச் சக்கை வேறு.

சக்கைச் சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரிகிறது. உடலுக்குள் அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. குடித்த கேட்டச்சினில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. தேயிலைப் பொருள் மருந்தாகத் தேறியதற்கு நல்ல சான்று பச்சைத் தேயிலைக் கேட்டச்சின் களிம்பு: பிறப்புறுப்பு மருக்களுக்கு மேற்பூச்சாக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018இல் கோவை பாரதியார் பல்கலைக்கழகம், திருச்செங்கோடு கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் தேயிலைச் சாற்றைக் கொண்டு உருவாக்கிய நுண்துகள்கள், ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் புற்றுச்செல்களை அழித்தன. அந்தத் துகள்களில் காட்மியம் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரும் சக்கையை அரைத்துக் குடிக்கக் கூடாது.

செறிவூட்டிய சாற்றுக்கு அளவும் முக்கியம். நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இஜிசிஜி (EGCG) என்னும் கேட்டச்சினைத் தரும் மாத்திரைகள் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. தேயிலைப் பாலிஃபீனால்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

சக்கையைக் காயவைத்துச் சாயமேற்றிப் புதுத்தூளாக விற்பது தண்டனைக்குரிய கலப்படம். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளித்து, பிறகு தூளை அகற்றிப் பார்த்தால், சேர்த்த சாயம் தாளில் கறையாகக் காட்டிக்கொடுக்கும்.