புகை போகும் வழி: ஒரு புகைபோக்கியின் வரலாறு

ஆஸ்திரியா, ஜெர்மனி மாதிரி குளிர் நாடுகளில் இப்போ நிறைய வீடுகளில் பெல்லட் பாய்லர் இருக்கு. மரத்தூளை அழுத்தி, விரல் தடிமன்கூட இல்லாத சின்னச் சின்ன உருளைகளா செய்து எரிக்கிறாங்க. அதை மாட்ட வர்றவர் சொல்ற முதல் விஷயம்: "உங்க பழைய செங்கல் புகைபோக்கி இதுக்கு அப்படியே ஒத்துவராது." ஏன்? அந்தப் பதிலுக்குள்ளதான் இன்னைக்கு நாம பேசப்போற வரலாறே இருக்கு.

இடைக்கால ஐரோப்பாவில் சாதாரண வீட்டுக்குப் புகைபோக்கியே கிடையாது. நடு வீட்டில் நெருப்பு, கூரையில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில்தான் செங்கல் புகைபோக்கி சாமானியர் வீடுகளுக்கும் பரவுது. அதே காலத்தில் லண்டனில் விறகுக்குப் பதிலா நிலக்கரி வருது. நிலக்கரிக்குக் குறுகலான குழாய் போதும். ஆனா பல அறைகளின் அடுப்புகளை ஒரே கோபுரத்தில் சேர்த்ததால் குழாய் வளைஞ்சு நெளிஞ்சு போகும். உள்ளே கரி படியும். படிஞ்ச கரி தீப்பிடிக்கும். அதனால் யாராவது உள்ளே இறங்கிச் சுத்தம் பண்ணணும்.

அந்த "யாராவது" யார்னு பார்த்தீங்கன்னா, சின்னப் பசங்க. 9க்கு 14 அங்குலம் அளவுள்ள குழாயில் பெரியவங்க நுழைய முடியாதே! 1775இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு விரைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும்னு முதன்முதலா காட்டியது அதுதான்.

1788இல் சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் குறைஞ்சவங்களை ஏற்றக்கூடாது. யாரும் மதிக்கலை. 1803இல் ஜார்ஜ் ஸ்மார்ட், ஆள் ஏறாமலே துடைக்கும் நீளத் தூரிகைக் கருவியைக் கொண்டுவந்தார். அதாவது மாற்று வழி கையில் இருந்தது. 1834, 1840, 1864 என்று வரிசையா சட்டங்களும் வந்தன. ஆனாலும் பசங்க ஏறிக்கிட்டேதான் இருந்தாங்க. 1875இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் குழாயில் சிக்கி ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். அந்த வருஷமே ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம், துடைப்பவர்கள் போலீஸிடம் உரிமம் வாங்கணும் என்றது. கண்காணிக்க ஆள் வந்த பிறகுதான் அந்தக் கொடுமை நின்றது. கருவி வந்து 72 வருஷம் கழிச்சு!

இதே காலத்தில் இன்னொரு கதையும் நடக்குது. 1796இல் ரம்ஃபோர்ட் பிரபு ஒரு கட்டுரை எழுதினார். அடுப்புக்கு மேலே குழாயின் கழுத்தை நாலு அங்குலமா சுருக்குங்க, பக்கச் சுவர்களைச் சாய்வா கட்டுங்க என்றார். அறைக்குள் வெப்பம் கூடியது, புகையும் ஒழுங்கா மேலே போனது. புகைபோக்கி வெறும் ஓட்டை இல்லை, அளவு பார்த்துச் செய்யவேண்டிய கருவி என்று அவர் காட்டினார்.

இப்போ பெல்லட் பாய்லருக்கு வருவோம். சூடான புகை லேசா இருக்கும், தானே மேலே ஏறும். நல்ல பாய்லர் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கிறதால், வெளியே போற புகை அவ்வளவு சூடா இருக்காது. அகலமான செங்கல் குழாயில் அது மேலும் குளிர்ந்து, நீராகிச் சுவரில் வழியும், செங்கலை அரிக்கும். அதனாலதான் பழைய புகைபோக்கிக்குள் அளவான துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குறாங்க. காற்றாடி புகையைத் தள்ளுவதால் இணைப்புகள் கசியாமல் இருக்கணும். கசிந்தால் வர்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பெல்லட் எரியாமல் கிடங்கில் குவிந்து கிடந்தாலே இந்த வாயு கசியும். மூடிய கிடங்கு அறைக்குள் போய் உயிர் விட்டவங்க இருக்காங்க.

வெப்பத்தை உள்ளே பிடிக்கப் பிடிக்க, புகைக்கு நாம புதுசா வழி அமைச்சுக் கொடுக்கணும். அந்த வழியைத் துடைக்கும் ஆளின் உயிரையும் சேர்த்து யோசிக்கணும். இன்னைக்குக் குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு சின்ன மூடி வைக்கிறாங்க.