கவுண்டி அவசர அழைப்பு மையங்களை நவீனப்படுத்தல்

அமெரிக்காவில் ஆபத்தில் இருப்பவர் 911 என்ற எண்ணை அழைத்தால், அந்தக் குரல் முதலில் போய்ச் சேருமிடம் அவசர அழைப்பு மையம். நாடெங்கும் ஏறத்தாழ 6,000 மையங்கள் ஆண்டுக்குச் சுமார் 24 கோடி அழைப்புகளை ஏற்கின்றன. அவற்றில் பலவற்றைக் கவுண்டி நிர்வாகமோ அதன் ஷெரீப் அலுவலகமோ நடத்துகிறது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. ஆனால் தன் வரியைத் தானே விதித்து, பெரும்பாலும் தன் ஷெரீப்பையும் தேர்தலில் தேர்ந்தெடுத்துக்கொள்வது. இந்த மையங்களை நவீனப்படுத்துவது என்றால் பழைய தொலைபேசிக் கருவி, கணினி, வயர்லெஸ் ஆகியவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது என்றுதான் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் பேசுகின்றன. கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த பெரிய தோல்விகளின் விசாரணை அறிக்கைகளைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கருவி பழசானதைக் காட்டிலும், செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிய இடங்களிலேயே உதவி தடம் மாறியிருக்கிறது. எனவே ஒரு நவீனமயத் திட்டம் இந்தக் கைமாற்றங்களில் எத்தனையைக் குறைக்கிறது, குறைக்க முடியாதவற்றை எந்த அளவுக்குக் கண்ணில் படும்படி வைக்கிறது என்பதே அதை எடைபோடும் சரியான அளவுகோல்.

இந்தச் சிக்கலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. லண்டனில் 1937இலேயே 999 என்ற பொது அவசர எண் வந்துவிட்டது. அமெரிக்காவில் காவல்துறைக்கு ஒரே எண் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 1967இல்தான் பரிந்துரைத்தது. 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் 911 அழைப்பு ஒலித்தது. அவ்வூர்க் காவல் நிலையத்தில் வைத்திருந்த சிவப்புத் தொலைபேசியில் அதை எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில். எண் ஒன்றாயிற்றே தவிர, அதற்குப் பின்னால் இருந்த காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அமைப்புகள் ஊருக்கு ஊர் தனித்தனியாகவே இருந்தன. 1970களில், அழைக்கும் எண்ணுக்கு உரிய முகவரியைத் தொலைபேசி நிறுவனத்தின் பட்டியலிலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் வசதி வந்தது. கம்பி எந்த வீட்டுச் சுவரில் முடிகிறது என்பது தெரிந்திருந்த வரை அது நன்றாகவே வேலை செய்தது. செல்போன் வந்ததும் அந்த அடிப்படை போய்விட்டது. அழைப்பு எந்த டவரில் விழுகிறதோ அதை வைத்தே மையம் தீர்மானிக்கப்பட்டது. டவரின் வீச்சுக்குக் கவுண்டி எல்லை தெரியாது. எல்லையோரத்தில் நிற்பவரின் அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போவது அன்றாடமாயிற்று. அழைப்பவரின் இருப்பிடத்தை வைத்தே மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூட்டரசுத் தொலைத்தொடர்பு ஆணையம் செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது 2024இல்தான்.

எல்லை என்ன செய்யும் என்பதை ஃபுளோரிடாவின் பிரவர்டு கவுண்டி மிகக் கொடிய விலை கொடுத்துக் காட்டியது. 31 நகராட்சிகள் கொண்ட இந்தக் கவுண்டியில் தீயணைப்பு, மருத்துவ உதவிகளுக்குப் பொதுவான தகவல் தொடர்புக் கட்டமைப்பு வேண்டும் என்று வாக்காளர்கள் 2002இலேயே ஒப்புதல் தந்தார்கள். ஒருங்கிணைந்த மண்டல மையம் நடைமுறைக்கு வந்தது 2014இல். கோரல் ஸ்பிரிங்ஸ், பிளான்டேஷன் ஆகிய நகரங்கள் அதில் சேராமல் தங்கள் மையங்களைத் தாங்களே வைத்துக்கொண்டன. கோரல் ஸ்பிரிங்ஸை அடுத்த பார்க்லண்டு என்ற சிறு நகரத்துக்குக் காவல் பணி ஷெரீப் அலுவலகத்திடமிருந்தும், தீயணைப்புப் பணி கோரல் ஸ்பிரிங்ஸிடமிருந்தும் கிடைத்து வந்தது. அதனால் பார்க்லண்டு மக்களின் 911 அழைப்பு கோரல் ஸ்பிரிங்ஸுக்குப் போகும். காவலர் தேவைப்பட்டால் அங்கிருந்து கவுண்டி மையத்துக்கு மாற்றப்படும். அழைத்தவர் இரண்டாவது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சாதாரண நாளில் இது சில நொடிகளின் தொல்லை. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லண்டின் உயர்நிலைப் பள்ளியில் 17 பேரைக் கொன்ற துப்பாக்கிச் சூடு ஏறத்தாழ ஆறே நிமிடங்களில் முடிந்துபோனது. வகுப்பறைகளுக்குள்ளிருந்து மாணவர்கள் செய்த அழைப்புகள் ஒரு மையத்தில் குவிந்தன. பள்ளியை நெருங்கிய ஷெரீப் காவலர்கள் வயர்லெஸில் கேட்டுக்கொண்டிருந்ததோ மற்ற மையத்தை. இரு அலைவரிசைகளையும் இணைக்க நடந்த முயற்சி பலிக்கவில்லை. ஏராளமானோர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தியதில் கவுண்டியின் பழைய வயர்லெஸ் அமைப்பு திணறி, பேசவே முடியாத நிலைக்குப் போனது. களத்தில் இருந்தவர்கள் கை சைகையால் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதே திணறல் ஓராண்டுக்கு முன், 2017 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத் துப்பாக்கிச் சூட்டின்போதும் நேர்ந்திருந்தது. மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அழைப்பு மாற்றப்படும் இந்த ஏற்பாட்டையும் வயர்லெஸ் நிலையையும் தனித்தனியே குறைகூறியது. புதிய வயர்லெஸ் அமைப்புக்கான பணம் ஒதுக்கப்பட்ட பிறகும், ஹாலிவுட் என்ற நகராட்சிக்கும் கவுண்டிக்கும் ஒரு டவரை எங்கே நிறுத்துவது என்பதில் மூண்ட தகராறு வேலையை இழுத்தடித்தது. இங்கே தடையாக நின்றது தொழில்நுட்பம் அன்று. எல்லைக் கோடுகளை யார் விட்டுக்கொடுப்பது என்ற அரசியல் கேள்வியை முடிக்காமல் வாங்கிய எந்தக் கருவியும் பாதித் தீர்வாகவே நின்றுவிடும்.

எல்லைக்கு உள்ளேயும், ஒரே அறைக்குள்ளும்கூடக் கைமாற்றம் உண்டு. நடுத்தர அளவுள்ள மையத்தில் அழைப்பை எடுப்பவர் ஒருவர், வயர்லெஸில் வண்டிகளை அனுப்புபவர் இன்னொருவர். அழைப்பை எடுத்தவர் முதலில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. எங்கே என்றே கேட்கிறார். இணைப்பு அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் ஒரு வண்டியையாவது அனுப்பிவிடலாம். அவர் கேட்டபடியே தட்டச்சு செய்ய, இரண்டாவது வரி முடியும் முன்பே செய்தி அனுப்பீட்டு மென்பொருள் வழியாக அடுத்த மேசையின் திரையில் ஏறிவிடும். இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஷார்லட் கவுண்டியில் நடந்தது சான்று. பக்கத்து ஊரிலிருந்து கடத்தப்பட்ட இளம் பெண்ணின் அலறலை அருகில் ஓடிய காருக்குள்ளிருந்து கேட்ட ஒருவர் 911ஐ அழைத்தார். கடந்துகொண்டிருந்த தெருக்களின் பெயரைச் சொல்லியபடி ஏறத்தாழ 9 நிமிடங்கள் இணைப்பில் இருந்தார். அவர் எல்லையைத் தாண்டிவிட்டதால் அழைப்பு, தேடலை நடத்திக்கொண்டிருந்த கவுண்டிக்குப் போகாமல் ஷார்லட்டுக்கு வந்தது. அழைப்பை எடுத்தவர் செய்தியை மென்பொருளில் ஏற்றாமல் அறைக்குக் குறுக்கே குரல் கொடுத்துச் சொன்னார். ஷிப்ட் மாறும் நேரம். ரோந்து வாகனங்கள் அந்தச் சாலையின் அக்கம்பக்கத்திலேயே இருந்தும் ஒன்றுகூட அனுப்பப்படவில்லை. அந்தப் பெண் கொல்லப்பட்டார். கணினி இருந்தது, மென்பொருள் இருந்தது, வண்டியும் இருந்தது. குறையாக இருந்தது பயிற்சி. அழைப்பு எடுப்பவர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஃபுளோரிடா 2010இல் இயற்றியதற்கு இந்தச் சாவே காரணம்.

கைமாற்றங்கள் ஆபத்தானவை என்றால் அவற்றையெல்லாம் இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992இல் செய்து பார்த்தது அதைத்தான். அதுவரை அழைப்பு விவரம் தாளில் எழுதப்பட்டு, நகரும் பட்டை வழியே போய், ஆட்கள் கையால் வண்டி ஒதுக்கும் முறை இருந்தது. மெதுவானது, தாள் தொலையக்கூடியது. மாற்ற வேண்டியது என்பதில் ஐயமில்லை. அக்டோபர் 26 அன்று ஒதுக்கீடு முழுவதையும் கணினியிடம் ஒரே நாளில் ஒப்படைத்தார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது எப்போதும் சரியாகத் தெரியும் என்று அந்த மென்பொருள் நம்பியது. ஊழியர்கள் நெருக்கடியில் தவறான பொத்தானை அழுத்தினால், வயர்லெஸ் சமிக்ஞை விட்டுப்போனால், அதன் கணக்கு உண்மையிலிருந்து விலகியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. சில இடங்களுக்கு ஒன்றும் போகவில்லை. பிழை எச்சரிக்கைகள் திரையில் குவிந்து, கவனிக்கப்படாத செய்திகளை மேலே தள்ளி மறைத்தன. காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி அழைக்க, சுமை இன்னும் கூடியது. நவம்பர் 4 அதிகாலையில், நினைவகத்தை விடுவிக்க மறந்த ஒரு சிறு நிரல் துண்டால் சர்வரே நின்றுபோக, சேவை தாளுக்கே திரும்பியது. அங்கே ஒழிக்கப்பட்டது கைமாற்றம் இல்லை. அதைக் கண்காணித்த மனிதக் கண்தான். 1996இல் அதே சேவை, ஊழியர்களைக் கலந்துகொண்டு படிப்படியாகப் புதிய மென்பொருளைக் கொண்டுவந்தபோது அது நிலைத்தது.

இன்று கவுண்டிகள் மேற்கொள்ளும் பெரிய மாற்றம், செம்புக் கம்பித் தொலைபேசி அமைப்பை விட்டு இணைய நெறிமுறையில் இயங்கும் அடுத்த தலைமுறை 911க்குப் போவது. குறுஞ்செய்தி, படம், காணொளி ஆகியவற்றை அது ஏற்கும். குறுஞ்செய்தியை 2009இல் முதலில் ஏற்றது அயோவாவின் பிளாக் ஹாக் கவுண்டி. காது கேளாதவர்களுக்கும், பேசினால் உயிருக்கே ஆபத்து என்று ஒளிந்திருப்பவர்களுக்கும் அது பெரிய வரம். ஆனால் இந்த அமைப்பின் உயிர்நாடி வரைபடமே. அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதை ஒவ்வொரு கவுண்டியும் வரைந்து தரும் எல்லைப் படம் தீர்மானிக்கிறது. இரு கவுண்டிகளின் படங்களுக்கு இடையே சிறு இடைவெளி விழுந்தாலோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலோ, அங்கிருந்து வரும் அழைப்பு வழி தவறும். புதிதாகப் போட்ட சாலை, பெயர் மாற்றிய தெரு, எண்ணிடாத பண்ணை வீடு எல்லாவற்றையும் வாரந்தோறும் திருத்தும் வரைபட ஊழியர் ஒருவரின் சம்பளம், பார்க்க வருபவர்களிடம் காட்டும் பெருந்திரைச் சுவரைவிட அதிக உயிர்களைக் காக்கும். இதை விற்பனையாளர்கள் யாரும் சொல்வதில்லை.

இங்கே எழும் வலுவான மறுப்பு ஒன்று: பழைய அமைப்பு உடைந்தால் ஓர் ஊர் இருளும், புதிய அமைப்பு உடைந்தால் பல மாநிலங்கள் இருளும். மறுப்பு உண்மையானது. 2014 ஏப்ரலில் கொலராடோவில் இருந்த ஒரே வழிப்படுத்தும் மையத்தின் மென்பொருளில், அழைப்புகளுக்கு எண் கொடுக்கும் எண்ணி தன் உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. 7 மாநிலங்களில் 81 மையங்களுக்குச் சேவை தடைபட்டு, 6,600க்கும் மேற்பட்ட அழைப்புகள் சேரவேயில்லை. வாஷிங்டன் மாநிலம் முழுவதும் அதில் அடங்கும். 2018 மார்ச்சில் பால்டிமோர் நகரத்தின் அனுப்பீட்டுக் கணினி இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, ஏறத்தாழ 17 மணி நேரம் ஊழியர்கள் கையால் வேலை செய்தார்கள். ஆனால் பழைய அமைப்பு பத்திரமானது என்ற எண்ணமும் தவறு. 2012 ஜூன் 29 இரவு வீசிய சூறைக்காற்றுக்குப் பின், வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் உள்ளிட்ட கவுண்டிகள் 911ஐ முற்றாக இழந்தன. காரணம், இரண்டு தொலைபேசி நிலையங்களில் தலா ஒரு ஜெனரேட்டர் கிளம்பாமல் பேட்டரி தீர்ந்துபோனதுதான். புதுமையும் பழமையும் இதில் சமமாகவே வீழ்ந்திருக்கின்றன. பால்டிமோரில் அழைப்புகள் எடுக்கப்பட்டதற்குக் காரணம், தாளும் பேனாவுமாக வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் அன்று பணியில் இருந்தது. எனவே மாற்று வழி என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருந்தால் போதாது; ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பார்ப்பதும், மாதம் ஒரு முறையாவது கணினியை அணைத்துவிட்டுக் கையால் அனுப்பிப் பழகுவதும் நவீனமயத்தின் பகுதியாகவே செலவுக் கணக்கில் ஏற வேண்டும்.

சிறு கவுண்டிகள் சொல்லும் மறுப்பு வேறு. மையங்களை இணைத்தால் உள்ளூர் அறிவு போய்விடும் என்கிறார்கள். பழைய பால்பண்ணைக்குப் பின்னால் என்று ஒருவர் சொன்னால் உள்ளூர் ஊழியருக்கு உடனே புரியும். அறுபது மைல் தள்ளி அமர்ந்திருப்பவருக்குப் புரியாது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஷிப்டுக்கு இருவரே இருக்கும் மையத்தில், நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் வரும் முப்பது அழைப்புகளை எடுக்க ஆள் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. 100க்கு 90 அழைப்புகளை 15 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்பது துறையின் தரநிலை. அந்த நிமிடங்களில் இருவரால் அதை எட்டவே முடியாது. அறைகளை ஒன்றாக்காமல் அழைப்புக் கருவியையும் அனுப்பீட்டு மென்பொருளையும் மட்டும் பல கவுண்டிகள் பகிர்ந்துகொள்வது நடுவழி. அப்போது ஒரு மையம் நிரம்பினால் அடுத்த மையம் எடுத்த அழைப்பு, மறுபடி சொல்லத் தேவையின்றி உரிய திரையிலேயே தோன்றும். உள்ளூர் அறிவு இருந்த இடத்தில் இருக்கும், கைமாற்றம் மட்டும் போய்விடும். பிரவர்டுக்கு இதையாவது 2014இல் செய்திருக்கலாம்.

பணம் பற்றிய கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் விடை சொல்ல வேண்டும். நாடு முழுவதும் அடுத்த தலைமுறை 911க்கு மாற 10 ஆண்டுகளில் 950 கோடி முதல் 1,270 கோடி டாலர் வரை ஆகும் என்று 2018இல் கூட்டரசு மதிப்பிட்டது. ஒவ்வொரு தொலைபேசிக் கட்டணத்திலும் 911க்கென்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. நியூயார்க், நியூஜெர்சி, ரோட் ஐலண்டு ஆகிய மாநிலங்கள் பல ஆண்டுகள் அதை வேறு செலவுகளுக்குத் திருப்பியதைத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஆண்டறிக்கைகள் பதிவு செய்துள்ளன. மானியம் ஒரு முறை வரும். அதில் இயந்திரம் வாங்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. இரவுப் பணியும் கட்டாயக் கூடுதல் நேரமும், காதில் விழும் மரண ஓலமும் ஊழியர்களைத் துரத்துகின்றன. ஆள் குறைந்த மையத்தில் எஞ்சியவர்களின் சுமை ஏற, அவர்களும் விலகுகிறார்கள். டெக்சஸ் 2019இலும் கலிபோர்னியா 2020இலும் இவர்களைக் களத்துக்கு முதலில் செல்லும் மீட்புப் பணியாளர்களோடு சேர்த்துச் சட்டம் இயற்றின. கூட்டரசின் தொழில் வகைப்பாடு 2018இல் திருத்தப்பட்டபோதும் இவர்களை அலுவலக எழுத்துப் பணியாளர் பிரிவிலேயே வைத்தது.