எல்லை வட்டாரத்தின் தளர்ந்த இதயங்கள்

ராமகிருஷ்ணராஜுபேட்டை என்னும் பெயர் சுருங்கி ஆர்.கே.பேட்டை என வழங்கும் நெசவூர், மாநில எல்லை குறித்த பட்டாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி வட்டாரத்தோடு சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினாலும், கடுமையான நோய் என்றால் அதன் இருபுறத்தாரும் நாடிய பெரிய மருத்துவமனைகளுள் முதன்மையானது, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிவைத்த வேலூர் மருத்துவமனையே ஆகும்.

அங்கே 1949இல் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையை நிறுவிய காலத்தில், இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் இறைக்க இயலாமல் மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் தோன்றும் நிலை, இளையோரையே மிகுதியும் வாட்டியது. சிறுவயதில் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று கவனிப்பாரின்றிப் போனால் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்புற அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடும். மேலை நாடுகளில் இச்சுருக்கம் முற்றப் பல பத்தாண்டுகள் பிடிக்க, இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே முற்றிவிடுவதை 1963இல் எஸ்.பி.ராய் குழுவினர் எடுத்துக்காட்டினர். இதயத்துடிப்பை நிறுத்தாமலே விரலையோ விரிப்பானையோ உள்ளே செலுத்தி வால்வைப் பிளக்கும் சிகிச்சையை 3,724 பேருக்குச் செய்த அனுபவத்தை வேலூர் மருத்துவர்கள் 1983இல் வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையின் கணக்கு இது என்பது வியப்பைவிட வருத்தத்தையே தருகிறது.

2001–2002இல் வேலூர் மருத்துவர்கள் ஊர்ப்புறப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 2,30,000 பேரைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இவ்வால்வு நோய் இருந்தது. ஆயினும் விட்ட இடத்தை இதயத் தமனி அடைப்பும் நீரிழிவும் பிடித்துக்கொண்டன. திருவனந்தபுரத்தில் 2013இல் பதிவான 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளுள் பத்தில் ஏழு பேருக்குத் தமனி நோயே காரணம். பதிவானோர் அனைவரின் சராசரி வயது 61, அமெரிக்கப் பதிவேடு ஒன்றிலோ அது 72. அங்கே முதுமையின் நோய், இங்கே குடும்பத்துக்கு உழைக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது.

பதினாறு நாடுகளில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 5,823 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 34 பேரும் இந்தியாவில் 23 பேரும் சீனத்தில் 7 பேரும் அவ்வோராண்டுக்குள் இறந்தனர். வயது, நோய்க்கடுமை, மருந்து, வசதி ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு மறையாததால், அதை இனத்தின் உடற்கூறு என்று சொல்லிவிடத் தோன்றலாம். ஆனால் ஒரே வட்டாரத்தில் ஒரு தலைமுறையில் நோயின் காரணமே மாறியிருக்க, மருத்துவமனை எட்டும் தொலைவையும் தொடர் கண்காணிப்பையும் ஐயுறுவதே பொருத்தம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. தளர்ந்த இதயத்துக்குரிய மருந்துகளையோ சிறுகச் சிறுகக் கூட்டி, இரத்தப் பரிசோதனையும் எக்கோ எனும் இதய ஒலியலைப் படமும் பார்த்துத்தான் அளவு குறிக்க வேண்டியிருக்கிறது.