தேவையில்லாத விற்பனை அழைப்புகள்: நிறுத்தச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

ஜோகூர் பாரு: "உங்களுக்கு பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு, ஒரு நிமிஷம் பேசலாமா?" கடன், காப்புறுதி, கிரெடிட் கார்டு என இப்படி வரும் அழைப்புகள் பலருக்கும் தொல்லைதான். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

ஜோகூரில் வசித்து சிங்கப்பூரில் வேலை செய்யும் பலர் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். இரண்டு எண்ணுக்கும் ஒரே சட்டம் கிடையாது. எந்த எண்ணுக்கு என்ன செய்யலாம்?

மலேசிய எண்

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709), 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. அதன் 43ஆவது பிரிவு, உங்கள் தரவை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி ஒரு நிறுவனத்திடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. முன்பு நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமை உண்டு.

போனில் "வேண்டாங்க" என்று சொன்னால் போதாதா?

போதாது. எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். எனவே அழைப்பு வந்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நிறுவனத்தின் பெயர், பேசுபவரின் பெயர், என் நம்பர் எங்கே கிடைத்தது? பிறகு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் பெயர், தொலைபேசி எண், அழைப்பு வந்த நாள், நேரம், '43ஆவது பிரிவின் கீழ் நிறுத்தக் கோருகிறேன்' என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். மைகாட் நகல் எதையும் இணைக்க வேண்டாம்.

நியாயமான காலத்துக்குள் அவர்கள் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், அந்த மின்னஞ்சலோடு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். ஆணையர் உத்தரவிட்ட பிறகும் கேட்காத நிறுவனத்துக்கு 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதில் ஒரு சிரமம் இருக்கிறது. ஒரே இடத்தில் பதிந்துவிட்டால் எல்லா நிறுவனங்களும் நிறுத்திவிடும் என்ற ஏற்பாடு இந்தச் சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

சிங்கப்பூர் எண்

அங்கே அந்த ஏற்பாடு உண்டு. 'அழைக்காதீர்' பதிவேடு 2014 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் என மூன்று பட்டியல்கள். பதிவது இலவசம். விற்பனை அழைப்புக்கு முன் நிறுவனங்கள் இந்தப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் தெளிவாகச் சம்மதம் கொடுத்த நிறுவனம் தொடர்ந்து அழைக்கலாம். மேலும், சிங்கப்பூர் எண்களை மட்டுமே அதில் பதிய முடியும். உங்கள் மலேசிய எண்ணுக்கு அது உதவாது.

ஊருக்குப் போகும்போது பயன்படுத்த இந்திய சிம் வைத்திருப்பவர்கள், அங்கே 1909 என்ற எண் மூலம் இதே போல் பதிந்துகொள்ளலாம்.

சட்டம் எங்கே எட்டாது?

சட்டம் 709 வர்த்தகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. முழுக்க வெளிநாட்டிலேயே கையாளப்படும் தரவுக்கும் பொருந்தாது. பெயரையே மறைத்துப் பேசுபவருக்கு நீங்கள் கடிதம் எழுதவும் வழியில்லை. தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு திரும்பத் திரும்ப அழைப்பது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின் கீழ் குற்றம். அதை எம்சிஎம்சியிடம் 1-800-188-030 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

விற்பனையா, மோசடியா?

நிஜமான விற்பனையாளர் தன் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். மோசடிக்காரர் அவசரப்படுத்துவார். போலீஸ், நீதிமன்றம், பேங்க் நெகாரா என்று பயமுறுத்துவார், ஓடிபி எண் கேட்பார். அப்படி வந்தால் வாக்குவாதம் செய்யாமல் துண்டித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணில் நீங்களே வங்கியை அழைத்துக் கேளுங்கள். பணம் போட வேண்டிய கணக்கு எண்ணை முதலில் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதியுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே 997க்கு, அதாவது தேசிய மோசடி எதிர்வினை மையத்துக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

இனி எண் கொடுக்கும் முன்

பேரங்காடி உறுப்பினர் அட்டை, அதிர்ஷ்டக் குலுக்கு, இலவசப் பரிசு. இவற்றின் பாரங்களில் 'மூன்றாம் தரப்புடன் பகிரச் சம்மதம்' என்ற கட்டத்தைத் தேடிப் பாருங்கள். நிறுவனங்கள் இந்த விவரத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பது சட்டம். தமிழ் மட்டுமே வாசிக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டியது வீட்டில் உள்ள மற்றவர்கள்தான்.