நீலியின் வழக்கு

போலி அழுகையை 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். அக்கண்ணீருக்கு முன் நிகழ்ந்த கொலையை அத்தொடர் மறந்துவிட்டது. முற்பிறவியில் கணவன் கையால் மடிந்தவள் நீலி. அவன் வணிகனாய் மறுபிறப்பெய்தியபோது, எழில் மங்கை உருவில், கள்ளிக் கட்டையைக் குழவியாக்கி ஏந்தி வந்து, 'இவர் என் கணவர்' எனப் பழையனூர் அவையில் முறையிட்டாள். வேளாளர் எழுபதின்மர் தம் உயிரையே பிணையாக்கி அவனை அவளோடு இருத்தினர். அவன் மாண்டான், சொன்ன சொல் தவறாது அவர்கள் தீப்புகுந்தனர். புகழ் எழுபதின்மருக்கு, பழி நீலிக்கு. முதற்கொலையை எந்த அவையும் விசாரிக்கவில்லை!

7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இவ்வஞ்சத்தைச் சுட்டுகிறார். கதை அதனினும் பழையது. சமணப் புலவர் வேறு வழி கண்டார். 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த 'நீலகேசி'யில், முனிச்சந்திரரை அச்சுறுத்தவும் மயக்கவும் வந்த பழையனூர் நீலி, அவர் கலங்காமை கண்டு அறங்கேட்டுத் தெளிகிறாள். குண்டலகேசி முதலான பௌத்தரை வாதில் வெல்கிறாள். அவையில் பொய்யுரைத்தவளுக்கு அவையிலேயே தருக்கத்தைத் தந்த அப்புலவரின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை.

அதே ஆலங்காட்டில் இன்னொருத்தியும் உண்டு. கணவன் அஞ்சி விலகிய பின், அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார். அவருடைய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் அவ்வூர்ச் சுடுகாட்டுப் பேய்களின் நடுவே நிகழும் ஆடலையே பாடுகின்றன.